பதிவேட்டில் 62, பந்தியில் 51

பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர் என்ற முறையில் போன மாதம் எங்கள் ஊர் ஆரம்பப் பள்ளிக்குப் போயிருந்தேன். சத்துணவு நேரம். பிள்ளைகள் வராண்டாவில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். தட்டுகளை எண்ணினேன், 51. திரும்ப எண்ணியும் 51தான். அமைப்பாளரிடம் பதிவேட்டைக் கேட்டு வாங்கினால், அன்றைக்குச் சாப்பிட்டவர்கள் 62 என்று ஏற்கெனவே எழுதியாகிவிட்டது.

ஆரம்பப் பள்ளிப் பிள்ளைக்கு நாளைக்கு 100 கிராம் அரிசி. பதினோரு பேருக்கு 1.1 கிலோ. 200 நாளைக்குக் கணக்குப் போட்டால் 220 கிலோ, நாலு மூட்டைக்கு மேல். முட்டை வேறு.

கோபமாகத்தான் கேட்டேன், "என்னக்கா இது?" அவர் மழுப்பவில்லை. அலமாரியிலிருந்து ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்து நீட்டினார். காய்கறிக் கடைக் கடன். தக்காளி, கத்திரிக்காய், முருங்கைக்காய் என்று தேதி போட்டு மூன்று மாதத்துக்கு எழுதியிருந்தது, ஒரு வரிகூட அடிபடவில்லை. "அரிசி, பருப்பு, எண்ணெய் வந்துருதுண்ணே. காய்க்கும் சிலிண்டருக்கும் உள்ள காசுதான் எப்ப வரும்னு தெரியாது. தலையைக் கூட்டி எழுதலேன்னா நான் கைக்காசு போடணும்."

அவர் செய்தது தப்புதான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அவரைப் பிடித்து சஸ்பெண்ட் செய்துவிட்டால் தணிக்கை முடிந்தது என்று சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டேன். 2015இல் மத்திய கணக்குத் தணிக்கை அறிக்கையே, சாப்பிடும் பிள்ளைகளின் எண்ணிக்கையைக் கூட்டிக் காட்டுவது பல மாநிலங்களில் வழக்கமாகிவிட்டது என்று சொன்னது. பத்து வருஷம் ஆகிவிட்டது. இன்னமும் ஆய்வுக்கு வருகிறவர்கள் பதிவேட்டைத்தான் பார்க்கிறார்கள். அதனால் பதிவேடு மட்டும் சுத்தமாக இருக்கிறது.

காசும் கொஞ்சம்தான். 2025 மே முதல் மத்திய அரசு ஒரு ஆரம்பப் பள்ளிப் பிள்ளைக்கு நிர்ணயித்த சமையல் செலவு 6 ரூபாய் 78 காசு. டீக்கடையில் ஒரு வடைகூட அந்த விலைக்குக் கிடைக்காது. அதுவும் தாமதமாக வந்தால் என்ன ஆகும்?

யாரும் எட்டிப் பார்க்காத சமையலறையில் தப்பு கணக்கோடு நிற்பதும் இல்லை. 2013 ஜூலை 16, பீகார் மாநிலம் கண்டாமன் கிராமம். மதிய உணவில் கலந்துபோன பூச்சிமருந்தால் 23 பிள்ளைகள் செத்துப்போனார்கள். அதே வருஷம் வந்த உணவுப் பாதுகாப்புச் சட்டம், இந்தத் திட்டங்களுக்குச் சமூகத் தணிக்கை வேண்டும் என்கிறது. ஊர்க்காரர்களே உட்கார்ந்து கணக்குப் பார்ப்பதுதான் அது. அன்றன்றைக்கு எத்தனை பேர் சாப்பிட்டார்கள், எவ்வளவு அரிசி செலவானது என்று எல்லார் கண்ணிலும் படும்படி எழுதிப்போட வேண்டும் என்பதும் ஏற்கெனவே உள்ள விதிதான். எங்கள் பள்ளியில் அதற்கான பலகை சமையலறைக் கதவுக்குப் பின்னால் சாத்தி வைத்திருந்தது.

1956இல் காமராசர் தொடங்கி, 1982இல் எம்.ஜி.ஆர். விரித்த திட்டம் இது. இப்போது காலை உணவும் சேர்ந்துவிட்டது. இத்தனை தூரம் கொண்டு வந்த நமக்கு, தட்டை எண்ணுவதும் கடைக்காரர் பாக்கியை மாதாமாதம் தீர்ப்பதும் முடியாத காரியமா?

பலகையை எடுத்து வெளிச்சுவரில் மாட்டியாகிவிட்டது. இரண்டு அம்மாக்கள் முறை வைத்துத் தினமும் எண்ணுகிறார்கள். நேற்று 53. அடுத்த குழுக் கூட்டத்தில் அந்தக் கடன் நோட்டின் நகலையும் தீர்மானத்தோடு சேர்த்து ஒன்றிய அலுவலகத்துக்கு அனுப்பப்போகிறோம்.