கால்சியம் மாத்திரையை நிறுத்தச் சொல்லாதீர்கள்

"மார்பகப் புற்றுநோய் எலும்புக்குப் பரவினால் பாலையும் கால்சியம் மாத்திரையையும் நிறுத்துங்கள், கட்டி பட்டினியில் சாகும்" என்று மேலே ஓர் அண்ணன் எழுதியிருக்கிறார். தயவுசெய்து யாரும் அப்படிச் செய்யாதீர்கள். மன்னார்குடியில் என் அத்தை இப்படி யாரோ சொன்னதைக் கேட்டுத்தான் மாத்திரையை நிறுத்தினார். கொஞ்ச நாளில் விரல்நுனியும் உதட்டோரமும் மரத்துப்போய், பூக்கட்டும்போது கை இழுத்துக்கொண்டது. ரத்தத்தில் கால்சியம் இறங்கியிருந்தது.

கட்டி வளர்வது நாம் குடிக்கும் பாலால் அல்ல. எலும்புக்குள் வந்த புற்றுசெல் ஒரு புரதத்தைச் சுரக்கிறது. அதனால் எலும்பு கட்டும் செல்கள் ரேங்க்-எல் என்ற சமிக்ஞையை அதிகம் வெளியிடுகின்றன. அது எலும்பைக் கரைக்கும் செல்களை எழுப்பிவிடுகிறது. அப்புறம், எலும்புக்குள் பூட்டிக்கிடந்த டிஜிஎஃப்-பீட்டா போன்ற வளர்ச்சிக் காரணிகள் வெளியே வந்து புற்றுசெல்லுக்கே உரமாகின்றன. ஆற்றுக்கரை உடைந்து, நம் வயல் வண்டல் அடுத்த வயலுக்குப் போவது மாதிரி. உரம் கிடைத்த செல் இன்னும் சுரக்கும், எலும்பு இன்னும் கரையும்.

அத்தைக்குப் போட்ட டெனோசுமாப் ஊசி அந்த ரேங்க்-எல்லைத்தான் பிடித்து நிறுத்துகிறது. கரைவது குறைந்தால் ரத்தத்துக்கு வரும் கால்சியமும் குறையும்; அதனால்தான் கூடவே கால்சியமும் வைட்டமின் டியும் கொடுக்கிறார்கள். சிலருக்கு நோயினாலேயே ரத்தத்தில் கால்சியம் ஏறும், அப்போது மாத்திரையை நிறுத்துவார்கள். சரி, அதை ரத்தப் பரிசோதனையைப் பார்த்த மருத்துவர் சொல்லட்டும். அண்ணே, எழுதியதை உடனே திருத்திவிடுங்கள்.