இன்னும் கொஞ்ச தூரம்தானே

ஆடி 18 நெருங்குகிறது. ஹைதராபாத், பெங்களூரு, சென்னை என்று எங்கெங்கோ இருக்கிற தருமபுரி, கிருஷ்ணகிரிக்காரர்கள் பலர் இந்த வாரம் குடும்பத்தோடு வண்டி எடுப்பார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். போன ஆடியில் ஊருக்கு வரும் வழியில் வண்டி நின்றுபோய் எங்களுக்கு நடந்ததை இதுவரை நான் எங்கும் முழுசாகச் சொன்னதில்லை.

ஹைதராபாத்தில் இருந்து தருமபுரிப் பக்கம் இருக்கிற எங்கள் ஊர் பென்னாகரத்துக்கு 700 கிலோமீட்டருக்கு மேல் வரும். வழி தெரியாமல் தடுமாறவே வேண்டாம். கர்னூல், அனந்தபூர், பெங்களூரு, ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரி என்று 44-ஆம் எண் நெடுஞ்சாலையைப் பிடித்தால் போதும். பழைய ஆட்கள் இன்றும் அதை ஏழாம் நம்பர் ரோடு என்பார்கள். காலை நாலு மணிக்குக் கிளம்பினோம். நான், மனைவி, இரண்டு பிள்ளைகள், எழுபது வயதுள்ள அம்மா. மறுநாள் ஒகேனக்கல்லில் எல்லோரும் சேர்ந்து குளிப்பதாக ஏற்பாடு. அக்கா மாவு இடித்து வைத்திருந்தாள்.

அனந்தபூர் வரைக்கும் வண்டி நன்றாகத்தான் ஓடியது. பெங்களூருக்குள் சாயங்கால நெரிசலில் மாட்டினோம். எலக்ட்ரானிக் சிட்டி வருவதற்கு முன்பே டெம்பரேச்சர் முள் பாதியைத் தாண்டி ஏறியது. ஏசியை நிறுத்தினேன், இறங்கியது. அத்திப்பள்ளி தாண்டி ரோடு விட்டதும் இன்னும் இறங்கியது. சரி, நெரிசலால்தான் இந்தச் சூடு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஓசூரில் டீக்கு நிறுத்தியபோது பானெட்டைத் திறந்து பார்த்தேன். இன்ஜினைக் குளிர வைக்கிற தண்ணீர் இருக்கும் கூலண்ட் பாட்டில் கிட்டத்தட்ட காலி. காலையில் கிளம்பும்போது மேல் கோடு வரைக்கும் இருந்தது, நானே பார்த்தேன். பதினாறு மணி நேரத்தில் அவ்வளவு குறைந்தால் எங்கோ ஒழுகுகிறது என்று அர்த்தம். அது எனக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்தும் பெட்ரோல் பங்கில் தண்ணீர் பிடித்து ஊற்றிவிட்டுக் கிளம்பினேன். ஓசூரில் மெக்கானிக் கடைகளுக்குப் பஞ்சமே இல்லை, இரவு எட்டு மணிக்கும் திறந்துதான் இருந்தன. ஆனால் மனசு ஒரே ஒரு கணக்கைத்தான் போட்டது. 600 கிலோமீட்டர் வந்தாச்சு, இன்னும் கொஞ்ச தூரம்தானே, ஊருக்குப் போய்ப் பார்த்துக்கலாம்.

இந்தக் கணக்கைப் பற்றித்தான் நான் பேச வேண்டும். கர்னூல் பக்கத்தில் இதே பாட்டில் காலியாக இருந்திருந்தால் நிச்சயம் நிறுத்தியிருப்பேன். ஒழுகலைக் கண்டுபிடிக்காமல் ஒரு கிலோமீட்டர்கூட எடுத்திருக்க மாட்டேன். ஊர் தூரத்தில் இருக்கும்வரை வண்டி சொல்வதைக் கேட்கிறோம். சூளகிரி, மேலுமலை, குருபரப்பள்ளி என்று பழகின பெயர்ப் பலகைகள் வர ஆரம்பித்ததும் காது அடைத்துக்கொள்கிறது. நம் ஊர் எல்லைக்குள் வந்துவிட்டால் எதுவும் ஆகாது என்று ஒரு நம்பிக்கை. இன்ஜினுக்கு அது நம்ம ஊரா, அடுத்த ஊரா என்று எப்படித் தெரியும்?

கிருஷ்ணகிரியைத் தாண்டியதும் முள் மறுபடி ஏறியது. சிவப்புக் கோட்டுக்குப் பக்கத்தில் போனது. ஓரம் கட்டலாமா என்று யோசிக்கும்போதே முள் திடீரென்று கீழே இறங்கிவிட்டது. நான் சந்தோஷப்பட்டேன். மனைவியிடம், "பார், சரியாயிடுச்சு" என்றுகூடச் சொன்னேன்.

அது சரியாகவில்லை. இதைப் படிக்கிறவர்கள் வேறு எதை மறந்தாலும் இதை மட்டும் மறக்க வேண்டாம். சூட்டை அளக்கிற சென்சார் தண்ணீரில் முழுகியிருந்தால்தான் சரியாகக் காட்டும். தண்ணீர் மொத்தமும் போய்விட்டால் அது வெறும் காற்றில் நிற்கும், முள் கீழே இறங்கிவிடலாம். வண்டி ஆறிவிட்டதாக நமக்குத் தோன்றுகிற அந்த நேரத்தில்தான் உள்ளே ஒரு சொட்டுத் தண்ணீர்கூட இருக்காது. ஏறின முள் காரணமே இல்லாமல் சட்டென்று விழுந்தால் அந்த இடத்திலேயே நிறுத்துங்கள்.

எனக்கு அது தெரிய மூன்று நிமிடம் ஆனது. பானெட் ஓரத்தில் இருந்து ஆவி கிளம்பி கண்ணாடியை மறைத்தது. இனிப்பும் கருகலுமாக ஒரு வாடை. காவேரிப்பட்டணத்துக்கு இன்னும் சில கிலோமீட்டர் இருந்தது. இரவு பத்து மணி இருக்கும். இடது ஓரம் கட்டி இன்ஜினை அணைத்து நாலு இண்டிகேட்டரையும் போட்டேன்.

பிள்ளைகள் இரண்டும் தூங்கிக்கொண்டிருந்தன. வண்டிக்குள்ளேயே இருக்கட்டும், குளிருக்கு எதற்கு இறக்க வேண்டும் என்று முதலில் நினைத்தேன். அப்போது ஒரு டாரஸ் லாரி எங்களை உரசுகிற மாதிரி போனது. அந்தக் காற்றில் வண்டியே ஆடியது. அதற்கப்புறம் யோசிக்கவில்லை. எல்லோரையும் இடது பக்கக் கதவு வழியாக இறக்கி, இரும்புத் தடுப்புக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் உட்கார வைத்தோம். அம்மாவைத் தடுப்பைத் தாண்ட வைப்பதுதான் கஷ்டமாக இருந்தது. மனைவி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் பிடித்துத் தூக்கினோம். "விடு கண்ணு, நான் வண்டியிலயே இருக்கேன்" என்றார். விடவில்லை. நெடுஞ்சாலையில் நின்றுபோன வண்டியில் இன்ஜினைவிடப் பெரிய ஆபத்து பின்னால் இருந்துதான் வரும். தூக்கக் கலக்கத்தில் வருகிற ஒரு டிரைவருக்கு, நிற்கிற வண்டியின் சிவப்பு விளக்கு ஓடுகிற வண்டியின் விளக்கு மாதிரிதான் தெரியும்.

முக்கோணப் பலகை வண்டியில் இருந்தது, ஆனால் மூட்டைகளுக்கு அடியில். அதை எடுக்கவே பத்து நிமிடம் ஆனது. தயவுசெய்து அதையும் டார்ச்சையும் கைக்கு எட்டுகிற இடத்தில் வையுங்கள்.

1033-க்கு அழைத்தேன். தேசிய நெடுஞ்சாலையில் வண்டி நின்றால் அழைக்க வேண்டிய எண் அது. இருக்கிற இடத்தைக் கேட்டார்கள். சாலையோரக் கிலோமீட்டர் கல்லில் இருந்த எண்ணைச் சொன்னதும் புரிந்துகொண்டார்கள். அரை மணி நேரத்தில் ரோந்து வண்டி வந்து, எங்களுக்குப் பின்னால் கூம்புகளை வரிசையாக வைத்தது. அந்த ஆரஞ்சுக் கூம்புகளைப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சு ஒழுங்காக வந்தது.

அந்த அரை மணி நேரத்தில் அக்காவிடம் இருந்து ஆறு போன். "எங்க வந்துட்டீங்க?", "இன்னும் எவ்வளவு நேரம்?", "சாப்பாடு ஆறிப்போகுது." பாசத்தில்தான் கேட்டாள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் ஓசூரில் பானெட்டை மூடியதற்கு ஒரு காரணம் அந்த போனும்தான். டீ குடிக்கும்போதே இரண்டு தடவை அழைத்திருந்தாள். "பத்தரைக்குள்ள வந்துடுவேன்" என்று நானும் வாக்குக் கொடுத்துவிட்டேன். ஒருமுறை நேரத்தைச் சொல்லிவிட்டால் அப்புறம் வண்டியை ஓட்டுவது நாம் அல்ல, அந்த நேரம்தான். வீட்டில் காத்திருக்கிறவர்களே, வழியில் இருப்பவர்களிடம் எப்போது வருவாய் என்று கேட்காதீர்கள். சாப்பிட்டாயா, ஓய்வெடுத்தாயா என்று கேளுங்கள். ராத்திரி ஆனால் எங்காவது தங்கிவிட்டு வா, ஒன்றும் குறைந்துபோகாது என்று நீங்களே முதலில் சொல்லுங்கள். அந்த வார்த்தை உங்களிடம் இருந்து வந்தால்தான் ஓட்டுகிறவனுக்கு நிறுத்தத் துணிச்சல் வரும்.

ஏழாவது போனில் மாமா பேசினார், அக்கா வீட்டுக்காரர். முப்பது வருடம் லாரி ஓட்டினவர். அவர் எங்கே என்றுகூடக் கேட்கவில்லை. "மூடியத் திறந்துட்டியா?" என்றார். இல்லை என்றேன். "திறக்காத. தண்ணியும் ஊத்தாத. அப்படியே விட்டுட்டுத் தள்ளி நில்லு, நான் வர்றேன்."

நான் திறக்கத்தான் போயிருந்தேன். துண்டைக் கையில் சுற்றிக்கொண்டும் விட்டேன். ரேடியேட்டருக்குள் தண்ணீர் அழுத்தத்தில் இருக்கிறது, அதனால் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் கிடக்கிறது. மூடியைத் திருப்பின நொடியில் அழுத்தம் விட்டு, மிச்சம் இருப்பது அத்தனையும் கொதித்து முகத்தில் அடிக்கும். அதற்குத் துண்டு எந்த மூலைக்கு? குளிர்ந்த தண்ணீரைச் சூடான இன்ஜினில் ஊற்றினால் உலோகம் சட்டென்று சுருங்கி, இன்ஜினின் மேல் பாகமான ஹெட்டில் விரிசல் விடலாம். குறைந்தது அரை மணி, முடிந்தால் அதற்கு மேலும் காத்திருக்க வேண்டும். தண்ணீர் இருந்து முள் மட்டும் ஏறுகிற நேரத்தில் ஏசியை நிறுத்தி, ஹீட்டரை முழுசாகத் திருப்பினால் இன்ஜின் சூட்டில் கொஞ்சம் உள்ளே இழுபடும். வேர்த்துக் கொட்டும், பரவாயில்லை. நிறுத்துவதற்குப் பாதுகாப்பான இடம் தேடிப் போவதற்கு மட்டும்தான் அது உதவும்.

ரோந்துக்காரர்கள் சொல்லி, பக்கத்து லாரிப் பட்டறையில் இருந்து ஒரு மேஸ்திரி பைக்கில் வந்தார். சென்னை ரோடு, பெங்களூரு ரோடு, சேலம் ரோடு, திருவண்ணாமலை வழியாகத் திண்டிவனம் போகிற ரோடு எல்லாம் கிருஷ்ணகிரியில் கூடுகின்றன. அதனால் இந்தப் பக்கத்துப் பட்டறைகளில் ராத்திரியிலும் ஆள் இருக்கிறார்கள். அவர் முதலில் இன்ஜினைத் தொடவே இல்லை. இன்ஜின் ஆயில் அளவு பார்க்கிற டிப் ஸ்டிக்கை உருவி டார்ச்சில் பார்த்தார். ஆயில் மோர் மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர் உள்ளே கலந்துவிட்டது, ஹெட்டுக்கு அடியில் தண்ணீரும் ஆயிலும் கலக்காமல் அடைக்கிற கேஸ்கெட் போய்விட்டது என்று அர்த்தமாம். எங்கள் ஆயில் கருப்பாகவே இருந்தது. "தப்பிச்சீங்க. இன்னும் நாலு கிலோமீட்டர் போயிருந்தா ஹெட் வளைஞ்சிருக்கும்" என்றார்.

ரேடியேட்டரின் மேல் ஓஸில், அதாவது தண்ணீர் போகிற ரப்பர் குழாயில், கிளிப்புக்குப் பக்கத்தில் ஒரு கீறல். விரல் நகம் நீளம்கூட இல்லை. ஓஸை அமுக்கிக் காட்டினார், அந்த இடம் மட்டும் கொழகொழவென்று இருந்தது. நெரிசலில் சூடும் அழுத்தமும் ஏறும்போது மட்டும் வாய் பிளந்து ஒழுகியிருக்கிறது. அதனால்தான் ஹைதராபாத்தில் நிறுத்தியிருந்த இடத்தில் ஒரு சொட்டுக்கூட தெரியவில்லை. கிழிந்த முனையை வெட்டிவிட்டு, மிச்சத்தை இழுத்து மாட்டிப் புதுக் கிளிப் போட்டார். தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, இன்ஜினை ஓடவிட்டு, காற்றுக் குமிழி நிற்கிறவரை காத்திருந்தார்.

"இப்ப பென்னாகரம் போயிடலாமாண்ணா?" என்று கேட்டேன். நடந்தது அத்தனைக்குப் பிறகும் கேட்டேன்.

"என் பட்டறை வரைக்கும் வரலாம் தம்பி. அதுக்கு மேல நான் சொல்ல மாட்டேன். காலைல கிருஷ்ணகிரில புது ஓஸ் வாங்கிப் போட்டுட்டுப் போங்க."

மாமா பக்கத்து வீட்டு வேனில் வந்து அம்மா, மனைவி, பிள்ளைகளை அழைத்துப் போனார். போகும் முன் மேஸ்திரியோடு நின்று அவர் பேசிக்கொண்டிருந்தது முழுக்கத் தொப்பூர்க் கணவாயைப் பற்றித்தான். தருமபுரியில் இருந்து சேலம் பக்கம் இறங்குகிற அந்தச் சரிவில், டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விடுகிறவர்களைப் பார்த்து இரண்டு பேருக்குமே ஆத்திரம். கியர் இல்லாவிட்டால் இன்ஜின் வண்டியைப் பிடித்து நிறுத்தாது, மொத்த பாரமும் பிரேக்கில் விழும், டிரம் சூடேறிப் பிரேக் பிடிக்காமல் போகும். "எந்த கியர்ல ஏறுவமோ அந்த கியர்லதான் இறங்கணும்" என்பது மாமாவின் பாடம். சேலம், நாமக்கல், மதுரை போகிறவர்களுக்குச் சொல்கிறேன். பிரேக்கில் சின்னச் சத்தம் கேட்டாலும் தருமபுரியிலேயே காட்டிவிடுங்கள். அந்த இறக்கத்தில் இறங்கிவிட்டு யோசிக்க நேரம் இருக்காது.

நான் பட்டறையில் கயிற்றுக் கட்டிலில் படுத்தேன். ராத்திரி இரண்டு மணிக்கு வெங்காய லாரி ஒன்று லீஃப் பட்டை உடைந்து வந்தது. மேஸ்திரி எழுந்து போய்விட்டார். காலையில் ஆறு மணிக்குப் பார்த்தபோதும் லாரிக்கு அடியில்தான் இருந்தார். இவர்களிடம் பேரம் பேசுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ஷோரூமில் போட்ட பில்லுக்கு வாய் திறக்காமல் கட்டுகிறோம், நடுராத்திரியில் எழுந்து வந்தவரிடம் நூறு ரூபாய்க்கு நிற்கிறோம். அப்படிச் செய்யாதீர்கள். அவர் கேட்டது நான் பயந்ததில் பாதிகூட இல்லை. கேட்டதற்கு மேல் கொடுத்தேன், வாங்க மறுத்துவிட்டு அப்புறம் பிள்ளைகளுக்கு நிப்பட்டு வாங்கிக்கொண்டு போகச் சொன்னார். காவேரிப்பட்டணம் நிப்பட்டுக்குப் பேர் போன ஊர் அல்லவா.

ஒரு வருத்தத்தையும் சொல்லிவிடுகிறேன். அந்த இரண்டு மணி நேரத்தில் அம்மாவுக்கும் மனைவிக்கும் ஒதுங்க ஒரு இடம் இல்லை. விளக்கும் இல்லை. ஆண்கள் எப்படியோ சமாளிப்போம். சர்க்கரை நோய் உள்ள ஒரு வயதான பெண் இருட்டில், தடுப்புக்குப் பின்னால், முள்ளுக்கும் பாம்புக்கும் பயந்துகொண்டு அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்ததை என்னால் மறக்க முடியவில்லை. டோல் கட்டித்தான் போகிறோம். சில கிலோமீட்டருக்கு ஒரு இடத்திலாவது, வண்டியை ஒதுக்கி நிறுத்த அகலமான திட்டும், ஒரு விளக்கும், தண்ணீர் வருகிற ஒரு கழிப்பறையும் கேட்பது பெரிய ஆசையா?

மறுநாள் ஒன்பதரைக்குக் கடை திறந்தது. புது ஓஸ், புதுக் கூலண்ட். பென்னாகரம் போய்ச் சேர மத்தியானம் ஆகிவிட்டது. எல்லோரும் காவிரியில் குளித்துவிட்டுத் திரும்பியிருந்தார்கள். அம்மா என்னைப் பார்த்ததும் நெற்றியில் மஞ்சள் குங்குமம் வைத்தார், கை நடுங்கியது. இரவு முழுக்க அவர் தூங்கவில்லை என்று மனைவி சொன்னாள்.

இந்த வருடம் கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே ஓஸ்கள், பெல்ட், பேட்டரி எல்லாம் பார்த்தாயிற்று. ஸ்டெப்னிக்கும் காற்றுப் பிடித்தேன். டயரின் பக்கவாட்டில் நாலு இலக்க எண் ஒன்று இருக்கும், முதல் இரண்டு இலக்கம் டயர் தயாரான வாரத்தையும், அடுத்த இரண்டு இலக்கம் வருடத்தையும் சொல்லும். அதைப் பார்த்து இரண்டு பழைய டயரையும் மாற்றிவிட்டேன்.

நேற்று அக்காவுக்கு போன் செய்தேன். முதல் நாள் ராத்திரி ஓசூரிலோ கிருஷ்ணகிரியிலோ தங்கிவிட்டு, விடிந்த பிறகுதான் வருவோம் என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "சரிடா, அம்மாவுக்கு மாத்திரை எடுத்து வச்சுக்க, மெதுவாவே வாங்க" என்றாள்.