நீல மகரந்தம்

ஏப்ரல் பிற்பகுதி வந்தால் என் முகநூல் நீலமாகிவிடுகிறது. கிழக்கு லண்டனில் இருக்கும் நம்மவர்களில் பாதிப்பேர் வான்ஸ்டெட் பூங்காவில் உள்ள ஷாலே காட்டுக்குப் போய், புளூபெல் என்ற நீல மணிப்பூக்களுக்கு நடுவில் பிள்ளைகளை உட்கார வைத்துப் படம் எடுத்துப் போடுகிறார்கள். ஈஸ்ட் ஹாமிலிருந்தும் இல்ஃபோர்டிலிருந்தும் பக்கம்தானே. நானும் போட்டிருக்கிறேன். இந்த ஆண்டு அந்தப் படங்களுக்குக் கீழே புதிதாக ஒரு சண்டை: "இது அசல் பூ இல்லை, ஸ்பானியக் கலப்பு. அந்நியப் பூ நாட்டுப் பூவை அழிக்கிறது." எழுதியவர்களில் எத்தனை பேர் அந்தப் பூவைக் குனிந்து பார்த்தார்களோ தெரியவில்லை.

நான் பார்த்தது என் சொந்த முட்டாள்தனத்தால். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கடையில் 'இங்கிலீஷ் புளூபெல்' என்று அச்சிட்ட பையில் கிழங்குகள் வாங்கிப் பின்தோட்டத்தில் நட்டேன். வசந்தத்தில் தடித்த தண்டுகள் பள்ளிக்கூட அணிவகுப்புப் போல விறைப்பாக எழுந்தன. சுற்றிலும் வெளிர்நீலப் பூக்கள். எனக்கோ பெருமை தாங்கவில்லை. பக்கத்து வீட்டு அம்மையார், எழுபதைத் தாண்டியவர், வேலிக்கு மேல் கையை நீட்டி ஒரு பூவைப் பறித்தார். உள்ளே விரலால் தடவி என்னிடம் காட்டினார். விரல் நுனியில் நீல மகரந்தப்பொடி. "காட்டுப் பூவில் இது பாலாடை நிறத்தில் இருக்கும்" என்றார். இங்கிலீஷ் பெயரில் ஸ்பானியப் பூவை விற்று உங்களை ஏமாற்றிவிட்டார்கள் என்று சொல்லாமல் சொன்னார்.

அதற்குப் பிறகு ஷாலே காட்டுக்குப் போனபோதுதான் கண் திறந்தது. நாட்டுப் பூவின் தண்டு ஒரு பக்கமாக வளைந்து தொங்குகிறது. இலை ஒடுங்கியது. பூ கருநீலம், குறுகிய குழல், நுனி நன்றாகச் சுருண்டிருக்கும். மரங்கள் தழைத்து வெயிலை மறைப்பதற்குள் பூத்து முடிக்கிற அவசரத்தில், காடு முழுக்க ஒரே நேரத்தில் மணக்கிறது. ஸ்பானியப் பூவில் சொல்லும்படியான மணம் கிடையாது. 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தோட்டச் செடியாக இங்கே கொண்டுவரப்பட்டது. இரண்டும் கூடிப் பிறந்த கலப்பினம் 1963இல்தான் காட்டுவெளியில் முதன்முதலாகப் பதிவானது. கலப்பினத்தில் எல்லாமே இடைப்பட்ட நிலை: கொஞ்சம் வளைவு, கொஞ்சம் மணம். அதுவும் விதை விடும். அதனால் எது எங்கே முடிகிறது என்று சில இடங்களில் நிபுணர்களே தலையைச் சொறிகிறார்கள்.

பயத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. உலகப் புளூபெல்களில் ஏறத்தாழப் பாதி பிரிட்டனில் இருப்பதாகச் சொல்கிறார்கள். காட்டுத் தாவரங்களைப் பாதுகாக்கும் பிளாண்ட்லைஃப் அமைப்பு 2003இல் எடுத்த கணக்கில், அகன்ற இலை மரக்காடுகளில் ஆறில் ஒன்றில் ஸ்பானியப் பூவோ கலப்பினமோ கலந்திருந்தது. ஆனால் எடின்பரோ அரச தாவரவியல் பூங்காவின் ஆய்வாளர்கள் 2019இல் வெளியிட்ட முடிவையும் சேர்த்துப் படிக்க வேண்டும்: இனப்பெருக்கத் திறனில் நாட்டுப் பூவின் கைதான் ஓங்கியிருக்கிறது. எண்ணிக்கையிலும் அதுவே மலையளவு அதிகம். நாளைக்கே விழுங்கப்பட்டுவிடும் என்பது மிகை.

'அந்நியம்' என்ற சொல்லைக் கேட்டால் நம்மில் சிலருக்குச் சுருக்கென்று தைக்கிறது. எனக்கும்தான். அதற்காகப் பூவை வைத்துக் குடியேற்ற அரசியல் பேச நான் வரவில்லை. கிழங்கு தானாகப் பெட்டி கட்டிக்கொண்டு கப்பல் ஏறவில்லை. வாங்கியவர்களும் விற்றவர்களும், தோட்டக் குப்பையைக் காட்டோரம் கொட்டியவர்களும் மனிதர்கள்.

எனக்குக் கோபம் வருவது வேறொன்றில். விதையிலிருந்து ஒரு புளூபெல் பூப்பதற்கு ஐந்து ஆண்டுகளோ அதற்கு மேலோ ஆகலாம். இலை நசுங்கினால் கிழங்குக்கு அந்த ஆண்டு சாப்பாடு இல்லை. அதனால்தான் ஷாலே காட்டில் தன்னார்வலர்கள் பாதையின் இருபுறமும் மரக்கட்டைகளைக் கிடத்தி வைத்திருக்கிறார்கள். போன ஞாயிற்றுக்கிழமை நான் நின்ற அரைமணி நேரத்தில் மூன்று குடும்பங்கள் அந்தக் கட்டையைத் தாண்டிப் போய்ப் பூவின் மேலேயே உட்கார்ந்தன. அதில் ஒரு குடும்பம் தமிழ் பேசியது. அன்று மாலை அந்தப் படத்துக்குக் கீழேயும் 'அசலா, கலப்பா' என்ற ஆராய்ச்சி நடந்திருக்கும்!

என் தோட்டத்துக் கிழங்குகளைத் தோண்டினேன். ஒரு வாளி நிறைய வந்தது. அவற்றை உரக்குவியலில் போடக்கூடாது, சாகாமல் முளைத்துவிடும்; கறுப்புப் பையில் கட்டி வைத்திருக்கிறேன். தப்பியவை இந்த ஆண்டும் விறைப்பாக எழுந்துவிட்டன. காட்டிலிருந்து தொலைவில், நகர நடுவில் இருப்பவர்கள் அவற்றை விட்டுவைத்தால் எனக்கு ஆட்சேபம் இல்லை, தேனீயும் வரத்தான் செய்கிறது. என் வீடு வான்ஸ்டெட்டுக்கு அருகில். ஆகவே விதை பிடிக்கும் முன்பே தண்டுகளை வெட்டிவிடுகிறேன். நேற்று பன்னிரண்டு வெட்டிக் குவளையில் வைத்தேன். பக்கத்து வீட்டு அம்மையார் வந்து முகர்ந்து பார்த்துவிட்டு, தேநீரில் சர்க்கரை போதவில்லை என்றார்.