பழைய டிவிஎஸ் 50-க்கு பவுடர் கோட்டிங் எதற்கு?

ஓசூர், கிருஷ்ணகிரி பக்கம் பழைய டிவிஎஸ் 50-ஐத் தேடிப் பிடித்து 'ரெஸ்டோர்' பண்ணுகிற மோகம் கூடியிருக்கிறது. சந்தோஷம்தான். 1980-ல் ஓசூர் ஆலையிலிருந்து வந்த வண்டி. இரண்டு பேர் உட்கார்ந்து போகலாம் என்று வந்த முதல் இந்திய மொபெட். அன்றைக்கு ஓசூரும் தருமபுரி மாவட்டம்தான், கிருஷ்ணகிரி மாவட்டம் பிரிந்தது 2004-ல். அதனால் இரண்டு மாவட்டத்துக்காரர்களும் நம்ம ஊர் வண்டி என்று உரிமை கொண்டாடலாம். ஆனால் பட்டறையிலிருந்து வெளியே வருவதைப் பார்த்தால்தான் மனசு கேட்பதில்லை. மெட்டாலிக் சிவப்பு, கறுப்பு அடித்த சைலன்சர், எல்இடி ஹெட்லைட், பெடலைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் கால் வைக்க இரண்டு கம்பி. மாட்டுப் பொங்கலுக்கு ஜோடித்த மாடு மாதிரி நிற்கிறது.

ரசனைக் குறைவு என்று சொல்ல மாட்டேன். வசதி அதிகமானதுதான் காரணம். சிப்காட்டை நம்பி லேத், பிளேட்டிங், பவுடர் கோட்டிங் எல்லாம் ஓசூரைச் சுற்றியே கிடைக்கிறது. கைக்கெட்டுகிற தூரத்தில் இருக்கிறதே என்று எல்லாவற்றையும் செய்துவிடுகிறோம். என் கட்சி இதுதான்: ஓடுவதற்கும் நிற்பதற்கும் தேவையானதை யோசிக்காமல் மாற்றுங்கள், கண்ணுக்குத் தெரிவதில் கை வைக்கும் முன் பத்து தடவை யோசியுங்கள். டயர், டியூப், பிரேக் ஷூ, கேபிள், ஆயில் சீல் இவற்றில் 'ஒரிஜினல்' என்று பிடிவாதம் பிடிப்பது உயிரோடு விளையாடுவது. பிரேக் டிரம்மைத் திறக்கும்போது வாயால் ஊதவோ ஏர் அடிக்கவோ வேண்டாம். பழைய லைனரில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், ஈரத்துணியால் துடைத்து எடுங்கள்.

பெயின்ட்டுக்கு வருவோம். முதலில் சோப்புத் தண்ணீரில் கழுவி, சீட்டுக்கு அடியிலோ டூல் பாக்ஸுக்குப் பின்னாலோ, வெயில் படாத ஓர் இடத்தைப் பாருங்கள். வண்டியின் உண்மையான நிறம் அங்கேதான் இருக்கும். வெளியே மங்கிப்போயிருப்பது பெரும்பாலும் மேல்தோல் மட்டுமே. மெல்லிய ரப்பிங் காம்பவுண்டை விரலில் துணி சுற்றி, ஒரு சாண் அளவு இடமாகத் தேய்த்தால் பாதிக்குமேல் திரும்பி வந்துவிடும். விளிம்புகளில் அழுத்தாதீர்கள், அங்கே பெயின்ட் மெலிந்திருக்கும், உடனே பிரைமர் தெரியும். குரோம் மீது புள்ளி புள்ளியாகத் துரு இருந்தால் பார்சல் கட்டுகிற அலுமினிய ஃபாயிலைக் கசக்கி, தண்ணீர் தொட்டுத் தேய்க்கலாம். பாத்திரம் தேய்க்கிற ஸ்க்ரப்பர் வேண்டவே வேண்டாம், கோடு விழுந்தால் போகாது. டேங்க் ஸ்டிக்கர் கிழிந்திருந்தாலும் சுரண்டுவதற்கு முன் டிரேசிங் பேப்பரில் அளவெடுத்து, ஸ்கேலை பக்கத்தில் வைத்து ஒரு போட்டோ எடுங்கள். சுரண்டிவிட்டு இணையத்தில் தேடினால் வேறு வருடத்து ஸ்டிக்கர்தான் கிடைக்கும்.

பவுடர் கோட்டிங் ஏன் வேண்டாம்? மணல் அடித்துப் பழைய பெயின்ட்டை எடுத்து, பெயின்ட் பொடியைத் தூவி, 180–200 டிகிரியில் சுட்டெடுக்கிற வேலை அது. 60–80 மைக்ரான் தடிமனில் படிகிறது. வெல்டிங் தழும்பு, தகட்டின் கூர்மை எல்லாம் மழுங்கி பிளாஸ்டிக் பொம்மை முகம் வந்துவிடும். மரையிலும் பேரிங் உட்காருகிற இடத்திலும் ஏறினால் எதுவும் நேராகப் பொருந்தாது. அதைவிடப் பெரிய ஆபத்து சேஸிஸ் நம்பர். லேசாகப் பொறித்த நம்பர் மணலில் தேய்ந்து, கோட்டிங்கில் மூழ்கினால் ஆர்டிஓ ஆபீஸில் பதில் சொல்ல வேண்டியது நீங்கள். உண்மையிலேயே ஓட்டை விழுந்து, பெயின்ட் அடித்தே ஆக வேண்டும் என்றால், நம்பர் மீது பேப்பர் வைத்துப் பென்சிலால் தேய்த்துப் பிரதி எடுத்துக்கொண்டு, அந்த இடத்தை ரப்பர் ஷீட்டால் மூடிக் கொடுங்கள். நிறத்தை மாற்றினால் ஆர்சியிலும் மாற்ற வேண்டும்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. 2021-ல் வந்த மத்திய விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 வருடம் தாண்டிய வண்டியை 'விண்டேஜ்' என்று பதியலாம். சேஸிஸ், பாடி, எஞ்சினில் பெரிய மாற்றம் இல்லாமல் அசல் உருவில் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. 1980-ல் பதிவான டிவிஎஸ் 50-க்கு அந்த வயது 2030-ல் வரும். இன்றைக்கு எக்ஸ்எல் சூப்பர் எஞ்சினைத் தூக்கி வைத்தவர்கள் அன்றைக்குப் பழைய எஞ்சினைத் தேடி அலைவார்கள்.

டேங்க் உள்ளே துரு இருந்தால் பெட்ரோல் டேப்பைக் கழற்றி அந்த ஓட்டையை ரப்பர் கார்க்கால் அடையுங்கள். லிட்டர் தண்ணீருக்கு 80–100 கிராம் சிட்ரிக் ஆசிட் கலந்து முழுக்க நிரப்பி ஒரு நாள் ஊற விடுங்கள். நம்ம ஊர்ப் புளி பித்தளைக் குடத்துக்குச் சரி, டேங்க் துருவுக்குப் பலம் போதாது. துரு கட்டியாக இருந்தால் சின்ன நட்டுகளை எண்ணிப் போட்டுக் குலுக்கலாம், எண்ணித்தான் வெளியே எடுக்க வேண்டும். பிறகு ஆப்ப சோடா கலந்த தண்ணீர், அதற்குப் பிறகு நல்ல தண்ணீர், சூடான காற்றில் உலர்த்தல். உலர்ந்த கையோடு கொஞ்சம் 2டி ஆயில் (டூ-ஸ்ட்ரோக் எஞ்சினுக்காகப் பெட்ரோலில் கலக்கும் ஆயில்) கலந்த பெட்ரோலை ஊற்றிச் சுழற்றுங்கள். காய்ந்த இரும்பை ஒரு ராத்திரி சும்மா விட்டால் காலையில் மறுபடி ஆரஞ்சு நிறத்தில் இருக்கும். ஆசிட் வெளிப் பெயின்ட்டில் ஒழுகாமல் வாயைச் சுற்றித் துணி கட்டுவதை மறக்காதீர்கள்.

இப்போது பெட்ரோல் பங்க்குகளில் கிடைப்பது இ20, அதாவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய ரப்பர் குழாய், டேப் வாஷர், ஃப்ளோட் நீடில் முனை எல்லாவற்றையும் எத்தனால் உப்ப வைக்கும், இல்லையென்றால் விறைக்க வைக்கும். எத்தனால் தாங்கும் குழாயாகக் கேட்டு வாங்கிப் போடுங்கள். மாதக்கணக்கில் வண்டியை நிறுத்துவதாக இருந்தால் டேங்கையும் கார்புரேட்டரையும் காலி செய்துவிடுங்கள். கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் சின்னத் துளையான ஜெட்டில் அடைப்பெடுக்க ஊசியை விடாதீர்கள். ஒயரிலிருந்து ஒற்றைச் செம்பு இழை எடுத்து விட்டால் போதும். ஊசி துளையைப் பெரிதாக்கும், அப்புறம் எவ்வளவு திருகினாலும் வண்டி புகைதான் கக்கும்.

எஞ்சினில் அதிகம் ஏமாற்றுவது கிராங்க் ஆயில் சீல், அதாவது கிராங்க் தண்டின் இரண்டு பக்கமும் இருக்கும் ரப்பர் வளையம். பத்து வருடம் நின்ற வண்டியில் அது பிளாஸ்டிக் போல விறைத்திருக்கும். மேக்னெட் (மின்சாரம் தரும் காந்தச் சக்கரம்) பக்கத்து சீல் போனால் வெளிக்காற்று உள்ளே புகுந்து கலவை வறண்டுவிடும். ஆக்ஸிலேட்டரை விட்டபிறகும் எஞ்சின் இறங்காமல் கத்தும், பிளக் முனை வெளுத்திருக்கும். மெக்கானிக் கார்புரேட்டரையே திரும்பத் திரும்பத் திருகிக்கொண்டிருப்பார். அப்படியே ஓட்டினால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். கிளட்ச் பக்கத்து சீல் போனால் கியர் ஆயிலைக் குடித்து வெள்ளைப் புகை விடும். எஞ்சினைத் திறந்துவிட்டால் இரண்டையும் சேர்த்தே மாற்றிவிடுங்கள், விலை அற்பம். மேக்னெட்டைக் கழற்ற புல்லர் வேண்டும். சுத்தியலால் தட்டினால் கிராங்க் கோணலாகும், காந்தமும் பலவீனமாகும்.

தேய்ந்த சிலிண்டரைக் குடைந்து பெரிதாக்கும் போரிங்குக்குக் கொடுப்பவர்கள் முதலில் பிஸ்டனை வாங்கி லேத்காரர் கையில் கொடுங்கள். 0.25 மி.மீ. ஓவர்சைஸ் என்று வாயால் சொல்லி அனுப்பாதீர்கள். எந்தப் பிஸ்டனும் எழுதிய அளவுக்கு அச்சொட்டாக இருப்பதில்லை, அதை அளந்துதான் துளை எடுக்க வேண்டும். அடுத்தது, கார் சிலிண்டரே செய்து பழகிய லேத்துகளில் விட்டுப்போகிற வேலை: போரிங் முடிந்ததும் சிலிண்டர் சுவரிலுள்ள போர்ட் ஜன்னல்களின் (காற்றும் புகையும் போய்வரும் துளைகள்) விளிம்பு கத்திபோல் இருக்கும். அதை நுண்ணிய கல்லாலோ உப்புத்தாளாலோ லேசாகச் சரிக்க வேண்டும். விட்டால் ரிங் அந்த விளிம்பில் மாட்டி ஒடியும், சிலிண்டர் மறுபடி போரிங்குக்குப் போகும். ரிங்கைச் சிலிண்டருக்குள் தனியாகத் தள்ளி வாய் இடைவெளியை ஃபீலர் கேஜால் பாருங்கள். இந்த அளவு எஞ்சினுக்கு 0.15 முதல் 0.35 மி.மீ. வரை இருக்கலாம். ரிங்கின் இரண்டு முனையும் பிஸ்டனில் உள்ள சின்ன முளையில் உட்கார வேண்டும், பிஸ்டன் தலையிலுள்ள அம்புக்குறி சைலன்சர் பக்கம் இருக்க வேண்டும். சைலன்சரில் கரி அடைத்திருந்தால் நெருப்பில் போட்டுக் கொளுத்தும் பழக்கம் இருக்கிறது. கரி போகும், குரோமும் நீலம் பாரித்து உரியும். காஸ்டிக் சோடா கரைசலை உள்ளே ஊற்றி ஊறவிடுவது நல்லது. கையுறை, கண்ணாடி கட்டாயம். அலுமினியப் பாகம் எதிலும் அது படக்கூடாது.

மின்சாரப் பக்கம் பெரிதாக ஒன்றுமில்லை. பிளாட்டினம் பாயிண்ட் இடைவெளி 0.35–0.45 மி.மீ., பாயிண்ட் சீக்கிரம் கருகினால் கண்டன்சரைச் சந்தேகப்படுங்கள். 6 வோல்ட் விளக்கு நேராக மேக்னெட்டிலிருந்து எரிகிறது. அதனால் பின்பல்பு போய்விட்டால் மிச்சக் கரண்ட் முன்பல்பில் ஏறி அதையும் எரித்துவிடும். இதைத்தான் 'மட்டமான வயரிங்' என்று சொல்லி எல்லாவற்றையும் பிய்த்து 12 வோல்ட் எல்இடி போடுகிறார்கள். சரியான வாட்ஸ் பல்பும், துரு சுரண்டிய எர்த்தும் போதும்.

போல்ட் நட்டுகளைத் தூக்கிப் போடாதீர்கள். தலையில் எழுத்துப் பொறித்த பழைய போல்ட்டுகளைக் கெரசினில் ஊறவைத்துக் கழுவி, ஜிங்க் பிளேட்டிங் போட்டு அதே இடத்தில் பூட்டலாம். பளபளக்கிற ஸ்டெயின்லெஸ் ஆலன் போல்ட்டுகளைப் பார்த்தாலே வண்டியின் வயது கெட்டுவிடுகிறது. ஆக்சில் மட்டும் பிளேட்டிங்குக்குப் போக வேண்டாம், சத்து குறையும்.

புதுப் பிஸ்டன் போட்டபின் முதல் 500 கி.மீ. லிட்டருக்கு 40 மி.லி. 2டி ஆயில், 30-க்கு மேல் வேகம் வேண்டாம், தொப்பூர் கணவாயில் டபுள்ஸ் ஏற வேண்டாம். ஏற்றத்தைக் காட்டிலும் இறக்கம்தான் பலருக்குப் புரிவதில்லை. பென்னாகரத்திலிருந்து ஒகேனக்கல் இறங்கும்போது ஆக்ஸிலேட்டரை முழுசாக மூடிவிட்டு வண்டியை உருளவிடுவார்கள். இந்த எஞ்சினுக்கு ஆயில் வருவதே பெட்ரோலோடுதான். பெட்ரோல் நின்றால் ஆயிலும் நிற்கும், பிஸ்டன் மட்டும் வேகமாக ஓடிக்கொண்டிருக்கும். வளைவுக்கு வளைவு ஆக்ஸிலேட்டரை ஒரு தொடு தொட்டு விடுங்கள்.