அருணாசலம் விடுதி தமிழருக்கு மட்டுமா?

இலங்கையின் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் உள்ள அருணாசலம், இராமநாதன் விடுதிகள் தமிழ் மாணவர்களுக்காகவே கட்டப்பட்டவை என்று ஒரு செய்தி சுற்றுகிறது. இது தவறு.

பெயர்தான் தமிழருடையது. சேர் பொன்னம்பலம் அருணாசலம் 1906 முதலே இலங்கைக்கு ஒரு பல்கலைக்கழகம் வேண்டும் என்று இயக்கம் நடத்தியவர். 1924இல் மறைந்தார், பல்கலைக்கழகம் 1942இல்தான் வந்தது, அதுவும் கொழும்பில். 1952இல் பேராதனைக்கு இடம்பெயர்ந்தது. அந்த நன்றிக்கடன்தான் விடுதியின் பெயர். இராமநாதன் அவருடைய அண்ணன்.

பக்கத்திலேயே ஜயதிலக, சங்கமித்தா என்ற பெயர்களிலும் விடுதிகள் உண்டு. அவையும் சிங்களவருக்கு மட்டுமானவை அல்ல. ஹந்தானை மலையடிவாரத்து விடுதிகளில் சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் எல்லோரும் ஒரே கூரையின் கீழ்தான் தங்கினார்கள். ஒரே சாப்பாட்டு மண்டபத்தில் சோற்றுத் தட்டோடு வரிசையில் நின்றார்கள். தயவுசெய்து அந்தச் செய்தியைப் பகிராதீர்கள்.