ஐன்ஸ்டீன் வேண்டாம், வாசித்துக் காட்டுங்கள்

எனக்கு டிஸ்லெக்சியா (அறிவில் குறையில்லாமலே வாசிப்பதும் எழுதுவதும் மட்டும் சிரமமாக இருக்கும் நிலை) என்று வாயைத் திறந்தாலே போதும், யாராவது ஐன்ஸ்டீனை அழைத்து வந்துவிடுகிறார்கள். "அவருக்கும் இதுதானாம், தெரியுமா?" அப்படிச் சொல்ல உருப்படியான ஆதாரம் எதுவும் இல்லை. ஆறுதலுக்குச் சொல்கிறார்கள், புரிகிறது. ஆனால் அலுவலக மின்னஞ்சலில் ஒரே பாராவைத் திரும்பத் திரும்ப மேய்ந்துகொண்டிருப்பவனுக்கு மேதைப் பட்டம் எதற்கு? அந்தப் பாராவை யாராவது வாசித்துக் காட்டினால் வேலை முடிந்தது.

இதை 1896லேயே ஒரு பள்ளி ஆசிரியர் கண்டுகொண்டார். பிரிங்கிள் மார்கன் என்ற ஆங்கிலேய மருத்துவர் அந்த ஆண்டு பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் பெர்சி என்ற 14 வயதுப் பையனைப் பற்றி எழுதினார். சூட்டிகையான பையன், கணக்கு வரும், வாசிப்பு மட்டும் வரவில்லை. பாடத்தை முழுக்க வாய்வழியாகவே நடத்தினால் பள்ளியிலேயே இவன்தான் கெட்டிக்காரன் என்றாராம் அவனுடைய ஆசிரியர். இன்று கைப்பேசியே வாசித்துக் காட்டுகிறது. ஆனாலும் ஒரு புத்தகத்தைக் காதால் கேட்டு முடித்தேன் என்றால், "அது படிச்ச கணக்குல வருமா?" என்கிறார்கள். வரும்.

அடுத்த கேள்வி, "எழுத்தெல்லாம் ஆடுமா?" எனக்கு ஆடியதில்லை. சிக்கல் பெரும்பாலும் கண்ணில் இல்லை. பேச்சில் இருக்கும் ஒலிகளைத் தனித்தனியாகப் பிரித்துப் பிடிப்பதிலும், அவற்றை எழுத்தோடு சட்டென்று இணைப்பதிலும்தான் இருக்கிறது. எழுத்தைக் கண்ணாடி பிம்பம் போலத் திருப்பிப் போடுவது, எழுதப் பழகும் பல குழந்தைகளும் செய்வதுதான். இதற்கென்று வண்ண மூக்குக்கண்ணாடி விற்பவர்களிடம் தயவுசெய்து பணத்தைக் கொட்டாதீர்கள். அதற்கு ஆதாரம் இல்லையென்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் அமைப்பும் கண் மருத்துவர்கள் அமைப்பும் 2009ல் கூட்டறிக்கையே விட்டிருக்கின்றன. குழந்தைக்கு உண்மையில் உதவுவது, எந்த ஒலிக்கு எந்த எழுத்து என்பதை ஒவ்வொன்றாக, வரிசையாக, சலிக்காமல் சொல்லித்தரும் ஆசிரியர். விளம்பரம் செய்ய அதில் ஒன்றுமில்லை.

நம் மொழியில் இதைக் கண்டுபிடிப்பது இன்னும் சிரமம். ஆங்கிலத்தோடு ஒப்பிட்டால் தமிழில் எழுத்தைப் பார்த்தாலே ஒலி ஏறக்குறைய தெரிந்துவிடும். இத்தாலியன், ஃபின்னிஷ் போன்ற மொழிகளிலும் இப்படித்தான். அம்மொழிகளில் டிஸ்லெக்சியா உள்ளவர்கள் பெரும்பாலும் சரியாகவே வாசிக்கிறார்கள், ஆனால் மெதுவாக. நானும் அந்த ரகம். "சரியாத்தானே வாசிக்கிறான், கொஞ்சம் சோம்பேறி" என்று கடந்துபோனார்கள். வாசித்து முடித்ததும் மலையேறி இறங்கியவனைப் போல நான் களைத்துக் கிடந்ததை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. எழுத உட்கார்ந்தால் லகர ளகர ழகரமும் றன்னகரமும் என்னைக் காட்டிக்கொடுத்துவிடும். (இந்தப் பதிவே வாயால் சொல்லி, கைப்பேசி தட்டச்சு செய்து, மனைவி திருத்தியது. இன்னும் பிழை இருந்தால் அவரிடம் கேளுங்கள்.)

எனக்கு இது இருப்பது மகளுக்கு மதிப்பீடு செய்தபோதுதான் தெரிந்தது. குடும்பவழியில் வருவது என்பதால் பல பெற்றோருக்கு இப்படித்தான் தெரியவருகிறது. பெரியவர்களானால் போய்விடுவதுமில்லை. கூட்டத்துக்கான தாள்களை முந்தின நாளே கேட்டு வாங்குகிறேன். நீளமான பதிலைக் குரல் பதிவாக அனுப்புகிறேன். முன்னால் ஒருவர் நின்று பார்த்துக்கொண்டிருக்கும்போது படிவம் நிரப்புவது மட்டும் இன்றும் நடுக்கம்தான். "வீட்டுக்கு எடுத்துப்போய் நிரப்பித் தரேன்" என்று சொல்லப் பழகியிருக்கிறேன்.

சில பெற்றோர் மதிப்பீட்டு அறிக்கையை வாங்கி அலமாரியில் பூட்டிவிடுகிறார்கள். "பிள்ளைக்குத் தெரிஞ்சா மனசு உடைஞ்சிடும்." ஐயா, வகுப்பில் தன்னால் மட்டும் முடியவில்லை என்பது பிள்ளைக்கு உங்களுக்கு முன்பே தெரியும். அதற்கு அவன் 'மக்கு' என்று ஒரு காரணமும் வைத்திருப்பான். அறிக்கையை எடுத்துக்கொண்டு பள்ளிக்குப் போங்கள். தேர்வில் கூடுதல் நேரமும் கேள்வித்தாளை வாசித்துக் காட்ட ஓர் ஆளும் எழுத்துமூலம் கேளுங்கள். மற்ற பிள்ளைகளுக்கு அநியாயம் என்று யாராவது சொன்னால், சரித்திரப் பரீட்சை சோதிப்பது சரித்திரத்தையா, வாசிக்கும் வேகத்தையா என்று கேட்டுவிட்டு, பதில் வரும்வரை அங்கேயே உட்கார்ந்திருங்கள்.