சர்வர் ஆபீசில், ஃபைல் அந்தரத்தில்

வீட்டிலிருந்து வேலை செய்கிறோம், ஆபீஸ் ஃபைல் திறக்க மாட்டேன் என்கிறது என்று சொன்னால், "உங்க வீட்டு நெட் ஸ்லோவா இருக்கும், செக் பண்ணுங்க" என்பார்கள். ஐடி ஆட்களுக்கு இதை விட்டால் வேறு பதிலே தெரியாதா? அதே நெட்டில்தான் வீடியோ மீட்டிங் தடங்கல் இல்லாமல் ஓடுகிறது. ஆபீஸ் சர்வரில் இருக்கிற ப்ராஜெக்ட் ஃபோல்டரைத் திறந்தால் மட்டும் மேலே அந்தப் பச்சைக் கோடு ஊர்ந்துகொண்டே இருக்கிறது.

நெட் வேகத்துக்கும் இதற்கும் சம்பந்தம் குறைவு ஐயா! விண்டோஸில் ஷேர்டு ஃபோல்டர் ஓடுவது எஸ்எம்பி என்ற நெறிமுறையில், அதாவது கம்ப்யூட்டர்கள் ஃபைலுக்காகத் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் முறையில். 1980களில், ஒரே கட்டடத்துக்குள் இருக்கும் கம்ப்யூட்டர்களை மனதில் வைத்துப் பிறந்தது. வாய் ஓயாது அதற்கு. இந்த ஃபைல் இருக்கா, எவ்வளவு பெருசு, திறக்க அனுமதி உண்டா என்று கேட்டுக் கேட்டுத்தான் நகரும். ஆபீசுக்குள் ஒரு கேள்வி போய்ப் பதில் வர 1 மில்லிசெகண்ட்கூட ஆகாது. வீட்டிலிருந்து ஆபீஸ் நெட்வொர்க்குக்குள் நுழையும் விபிஎன் இணைப்பு வழியாக அதுவே 50 மில்லிசெகண்ட் என்று வையுங்கள். ஒன்றுக்குப் பின் ஒன்றாக 1000 கேள்வி போனால் 50 நொடி அதிலேயே காலி. பின்னால் வந்த பதிப்புகளில் பேச்சைக் குறைத்தார்கள், ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் குட்டிக் குட்டி ஃபைல்கள் குவிந்த ஃபோல்டர் என்றால் கதை அதேதான். நான் இன்னும் பெரிய பிளானுக்குப் பணம் கட்டி என்ன பிரயோஜனம்?

இதையாவது பொறுத்துக்கொள்ளலாம். பூட்டு விவகாரம்தான் ரத்தக் கொதிப்பு. எக்செல் திறந்து வேலை செய்துகொண்டிருக்கும்போது விபிஎன் அறுந்துவிடும். திரும்ப உள்ளே போனால், ஃபைலை வேறொருவர் திருத்திக்கொண்டிருக்கிறார், படிக்க மட்டும் திறக்கலாம் என்று வரும். யார் அந்த வேறொருவர்? நான்! என் பெயரையே போட்டு என்னையே வெளியே நிறுத்துகிறது. அறுந்துபோன பழைய இணைப்பு இன்னும் உயிரோடு இருப்பதாக சர்வர் நம்பிக்கொண்டிருக்கும். அதை யாராவது கலைத்துவிட வேண்டும். அந்த யாராவது எப்போதும் சாப்பிடப் போயிருப்பார்.

அப்புறம் என்ன ஆகும்? ஆளாளுக்கு டெஸ்க்டாப்பில் காப்பி எடுத்து வைத்துக்கொள்வார்கள். ஃபைனல், ஃபைனல் புதுசு, ஃபைனல் இதுதான்... சாயங்காலம் ஒருத்தர் தன் காப்பியை சர்வரில் போட்டதும் இன்னொருத்தரின் ஒரு நாள் உழைப்பு அதோடு போச்சு. எங்கள் மேலதிகாரி காலையில் "லேப்டாப்பில் காப்பி வைக்கக் கூடாது, பாதுகாப்பு விதி" என்று மெயில் போடுவார். மதியம் அவரே "சர்வர் திறக்கல, அந்த ஃபைலை வாட்ஸ்அப்பில் தட்டி விடுப்பா" என்பார். விதி யாருக்கு சார்?

கோட் எழுதுகிறவர்களுக்கு 2005லிருந்தே கிட் (Git) என்ற மென்பொருள் இருக்கிறது. இரண்டு பேர் மாற்றியதை ஒன்றுசேர்க்கும், இடித்தால் சொல்லும். எக்செலையும் வரைபடங்களையும் அதில் போட்டால் வரிவரியாகச் சேர்க்க வழியில்லை, அதனால் எங்களுக்கு அது ஆகாது. சரி, ஆபீஸ் கம்ப்யூட்டருக்கே ரிமோட் டெஸ்க்டாப் கொடுங்கள் என்கிறோம். ஃபைல் சர்வர் பக்கத்திலேயே இருக்கும், திரை மட்டும்தான் வீட்டுக்கு வரும், லேப்டாப்பில் காப்பியும் தங்காது. அவர்களுடைய பாதுகாப்பு விதிக்கும் அதுதானே பொருந்துகிறது! அதற்கு "லைசென்ஸ் செலவு" என்கிறார்கள். தினமும் ஒரு டீமே பச்சைக் கோட்டைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறதே, அந்தச் சம்பளம் எந்தக் கணக்கில் வருகிறதாம்?